அக்காவின் இடது கால்

இரண்டு மாதத்தில் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் காலில் வீக்கம், ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயம். "உங்க அக்காவுக்கு வச்சாங்களே அந்த ஸ்டென்ட், அதை எங்க வச்சீங்க, எவ்வளவு ஆச்சு?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்கிறார்கள். டாக்டர் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் போனை வைத்த பிறகு மனசு ஆறுவதில்லை. நம்பரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது, அது போனில் சொல்லி முடிகிற நீளம் இல்லை. காலில் ஸ்டென்ட் வைத்து அக்கா நன்றாகிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முதலில், ஸ்டென்ட் வைத்தது காலிலேயே இல்லை, அடிவயிற்றில். இரண்டாவது, அது கடைசியாக வந்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் அந்தக் காலுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எப்படி ஒட்டியது, எப்படிப் போனது என்பதுதான் எனக்கு இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஒற்றைக் கால் வீங்கினால் யாரும் பெரிதாக யோசிக்க மாட்டார்கள், யானைக்கால் என்று சொல்லிவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த நோயைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அக்காவுக்கு 2009-ல் இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்து பத்தாம் நாள் காலையில் எழுந்திருக்கும்போதே இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை உருளைக்கட்டையாக வீங்கியிருந்தது. லேசாக நீலம் பாரித்திருந்தது, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அப்பாயி, பச்சை உடம்பு, காற்று பட்டிருக்கும் என்று நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தாள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற வீக்கம்தான், வற்றிவிடும் என்றார்கள். மூன்று வாரத்தில் பாதி வற்றியது. மீதிப் பாதி வற்றவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கால் யானைக்கால் ஆனது. சுகாதாரப் பணியாளர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளியே வருமாம். ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் கால் நன்றாக வீங்கிய பிறகு பல பேருக்கு ரத்தத்தில் புழு தெரியாது, அதனால் இல்லை என்று வந்தால் யானைக்கால் இல்லை என்று அர்த்தம் ஆகாது என்றார்கள். அது உண்மையும்கூட. அதனால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லாமல் பெயர் அப்படியே நின்றுவிட்டது. வருடா வருடம் டிஇசி என்ற யானைக்கால் மாத்திரை. அக்கா புடவையை ஒரு சாண் இறக்கிக் கட்ட ஆரம்பித்தாள். யானைக்கால் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாமே என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடு சொன்னார். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

அவளுக்கு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அந்தக் காலோடுதான் புடவை விரித்துக் காட்டினாள். சாயங்காலம் ஆக ஆகக் கால் கனக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் வெடித்துவிடும் போல இருக்கிறது என்பாள். படுத்துக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால் குறையும். கணுக்காலுக்கு மேல் உள்பக்கமாகத் தோல் பழுப்பாகி, 2019-ல் அங்கே ஒரு ரூபாய்க் காசு அளவு புண் வந்தது. அது ஆறவே இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெரிகோஸ் என்று சொல்லி மேலே தெரிந்த நரம்பை லேசரில் சுட்டார்கள். புண் ஆறியது. எட்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. அங்கே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் தொடை இடுக்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே யாரும் பார்க்கவில்லை.

மெட்டி

2023 தை மாதம், தெரிந்த ஒருவர் சொல்லி, சென்னையில் ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவரிடம் போனோம். நானும் அக்காவும் அத்தானும். ஃபைலை நீட்டினேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அக்காவைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, அவள் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பாதத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். அப்புறம், "மெட்டி எப்போலேருந்து போட்டிருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "கல்யாணத்துலேருந்துங்க டாக்டர்."

"அதே மெட்டிதானா? பெருசு பண்ணி மாத்தலியே?"

"அதேதான்."

"கழற்ற வேண்டாம். கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்க."

அக்கா குனிந்து இரண்டாம் விரல் மெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெள்ளி மெட்டி, மீன் செதுக்கியது, தேய்ந்து மீன் தெரியாது. தாராளமாகச் சுற்றியது. டாக்டர் மெட்டிக்குச் சற்று மேலே, விரல் தொடங்குகிற இடத்தில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைக் கிள்ளித் தூக்கினார். மெல்லிய மடிப்பாகத் தோல் எழுந்து வந்தது. "யானைக்கால் மாதிரி நிணநீர் தேங்கி வீங்கின கால்னா பெரும்பாலும் இந்த இடத்துல தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. விரலே தடிச்சுப் போயிருக்கும். பதினாலு வருஷ யானைக்கால்ல இந்த மெட்டியை எப்பவோ வெட்டி எடுத்திருக்கணும்" என்றார்.

மூன்று நொடிகூட ஆகியிருக்காது. இந்தக் கிள்ளிப் பார்க்கிற சோதனைக்கு ஸ்டெம்மர் என்று ஒரு மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது, ஆரம்ப நிலை யானைக்காலிலும் தோல் தூக்க வரும். அவரும் அதோடு நிறுத்தவில்லை. வீக்கம் வந்த நாளைப் பற்றிக் கேட்டார். பத்தாம் நாள், ஒரே ராத்திரியில், இடது கால், நீலம் என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நர்ஸை வைத்துக்கொண்டு அக்காவிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அடிவயிற்றில், பூப்பெலும்புக்கு மேலே, நரம்பு ஏதாவது புடைத்துக்கொண்டு வலது பக்கம் போகிறதா என்று. போகிறது. பல வருடமாகப் போகிறது. அவள் அதை அத்தானிடம்கூடச் சொன்னதில்லை, வெட்கம். எந்த டாக்டரும் கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவரு கேட்டாருடா தம்பி. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல?"

வடிகால்

டாக்டர் சொன்னதை நான் எங்கள் வயலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். டெல்டாவில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வடிய வேண்டும். வடிவாய்க்கால் தூர்ந்துபோன வயலில் மடையை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பயிர் அழுகும். தமனி பாசன வாய்க்கால், சிரை (பேச்சில் நரம்பு என்போமே, அது) வடிகால். அக்காவின் காலுக்கு ரத்தம் போவதில் குறை இல்லை. போன ரத்தம் திரும்பி வரும் வழிதான் அடைத்திருந்தது.

அது ஏன் இடது காலில்? இதயத்திலிருந்து இறங்கும் பெரிய தமனி தொப்புளுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. பெரிய சிரை அதற்கு வலப்பக்கம் இருக்கிறது. அதனால் வலது காலிலிருந்து வரும் சிரை நேராக மேலே ஏறிவிடும். இடது காலின் சிரை குறுக்கே போய்ச் சேர வேண்டும். அப்படிப் போகிற வழியில் வலது காலுக்குப் போகும் தமனி அதன்மேல் ஏறிக் கடக்கிறது. பின்னால் முதுகெலும்பு, முன்னால் துடித்துக்கொண்டே இருக்கும் தமனி, நடுவில் மெல்லிய சிரை. பம்புசெட் ஓஸ்மேல் வண்டிச்சக்கரம் நிற்கிற மாதிரி. கால் சிரைகளில் ரத்தம் உறைவது இடது பக்கம் அதிகமாக இருப்பதை ஜெர்மன் மருத்துவர் விர்கோ 1851-லேயே எழுதிவிட்டார். 1957-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களைத் திறந்து பார்த்து, 22 சதவீதம் பேருக்கு அந்த அழுத்தும் இடத்தில் சிரையின் உள்ளே தழும்பு போலத் தடுப்பு விழுந்திருப்பதைக் கண்டார்கள். அதனால்தான் இதற்கு மே-தர்னர் என்று பெயர். கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சுலபமாக உறையும், கர்ப்பப்பையும் அழுத்தும். பிரசவத்தை ஒட்டி வரும் ரத்த உறைவு பெரும்பாலும் இடது காலில் வருவதற்கு இதுவே காரணம். அக்காவுக்கு 2009-ல் வந்தது அதுதான். அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் அக்காவே இருந்திருக்க மாட்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் நொச்சி ஒத்தடம் கொடுத்த அப்பாயியின் கை ஞாபகம் வரும், உறைந்த காலை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்த கை.

சிரைகளைக் காட்டும் சிடி வெனோகிராம் எடுத்தார்கள். இடுப்புக்குள் இடது சிரை இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டென்ட் வைக்கலாமா என்று முடிவெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். டாக்டரே அவசரப்படுத்தவில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பியில் நெக்லன், ராஜு ஆகியோர் 982 கால்களுக்கு ஸ்டென்ட் வைத்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2007-ல் எழுதிய கணக்கை எடுத்துச் சொன்னார். உறைவு இல்லாமல் வெறும் அழுத்தம் மட்டும் இருந்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு மறுபடி கை வைக்காமலே ஆறு வருடம் கழித்தும் ஸ்டென்ட் திறந்திருந்தது. அக்காவைப் போல உறைந்து தழும்பானவர்களுக்கு அது 57. அடைத்ததைத் திரும்பத் திறந்தவர்களையும் சேர்த்தால் 86. "இரண்டுல ஒருத்தருக்கு ஆறு வருஷத்துக்குள்ள இன்னொரு தடவை வேலை வரலாம்னு வச்சுக்குங்க. புண் எல்லாருக்கும் ஆறும்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். இப்படி வெளிப்படையாகச் சொன்னதே எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது. செலவு விஷயமும் இருந்தது. 2017-ல் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்ததே, அது இதய ஸ்டென்டுக்கு. இது வேறு சாமான். இதயத்தில் வைப்பது மூன்று மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். இது பதினாறு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நம் நடுவிரல் பருமன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி வலை. குளிர்ச்சியில் சுருக்கி மெல்லிய குழாய்க்குள் அடைத்து வைத்திருப்பார்கள், உடம்புச் சூட்டில் தன் உருவத்துக்கு விரியும். தமனி மேலே மிதித்தாலும் நசுங்கக் கூடாது, இடுப்பு மடங்கும் இடத்தில் ஒடியவும் கூடாது. இந்தச் சிரைகளுக்கென்றே செய்த ஸ்டென்டுக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்ததே 2019-ல்தான். அதுவரை அங்கே பெரும்பாலும் வேறு குழாய்களுக்குச் செய்ததைத்தான் வைத்திருக்கிறார்கள். அக்காவின் நகையில் பாதி போனது. மீதி நான் போட்டேன்.

கேத் லேப் வாசலில்

கேத் லேப் என்பது எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் வேலை செய்கிற அறை. ஸ்டென்ட் வைக்கும் நாள் காலை தாலிச்சரடு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டாள். மெட்டி இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். இடது விரலில் மெட்டி இருந்த இடம் வெளுப்பாக ஒரு வளையம்போலத் தெரிந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் கீழே மருந்துக் கடைக்கும் மேலே வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

மூன்றே கால் மணி நேரம் ஆனது. கவிழ்த்துப் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பின்னால் சிரையில் ஊசி போட்டு, அதன் வழியாகக் கம்பியை மேலே அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கு வருடத் தழும்புக்குள் கம்பி நுழையவே ஒன்றரை மணி நேரமாம். அக்காவுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. பலூனை ஊதி அடைப்பை விரித்தபோது கீழ்முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியது போல வலித்தது என்றாள். "பிரசவ வலியைவிடக் கம்மிதான்" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

முடிந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதல் படத்தில் இடுப்புக்குள் நேர்வழி எதுவும் இல்லை. மருந்து கலந்த ரத்தம் ஆலம் விழுது மாதிரி பத்துப் பதினைந்து சின்னச் சின்ன கிளைகளாகப் பிரிந்து, வளைந்து நெளிந்து, வலது பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா வெட்கப்பட்டு மறைத்த நரம்புகள் இவைதான். அடைத்த வழிக்குப் பதில் உடம்பே வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள். இரண்டாவது படத்தில் ஸ்டென்ட் விரிந்திருந்தது. பதினாறில் ஒன்று, அதோடு கோத்துக் கீழே பதினான்கில் ஒன்று. ரத்தம் நடுவாக ஒரே நேர்கோட்டில் போனது. விழுதுகள் ஒன்றைக்கூடக் காணோம். யாரும் அவற்றை வெட்டவில்லை, கட்டவில்லை. பெரிய வழி திறந்ததும் அவற்றில் ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான். நான் அந்த இரண்டு படத்தையும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்றும் பார்ப்பேன்.

இன்னொரு கருவியையும் காட்டினார், சிரைக்குள்ளேயே போய் ஒலி அலையால் படம் எடுப்பது. வட்டமாக இருக்க வேண்டிய குழாய் வாய்மூடிய கோடாகத் தெரிந்தது. இதை வைத்து அளவெடுக்காமல் சின்ன ஸ்டென்டாகப் போட்டுவிட்டால் அது நழுவி இதயத்துக்குப் போன சம்பவங்களும் உண்டு என்றார். கேட்டபோது வயிறு கலங்கியது, ஆனால் சொன்னது நல்லதுதான்.

பத்து நாள் முதுகு வலி இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியில் வயிறெல்லாம் கன்றிப்போனது. பிறகு அதற்கே வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்ட். ஒருநாள் முருங்கைக்கீரையைத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருக்கக் கூடாது, சாப்பிட்டால் எப்போதும் ஒரே அளவு என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா கடை இஞ்ச் டேப்பால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கணுக்காலை அளந்து பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதினாள். வலது எட்டரை, இடது பதினொன்று என்று ஆரம்பிக்கிறது நோட்டு. மூன்றாம் வாரம் இடது ஒன்பதே முக்கால். அதற்குப் பிறகு அங்கேயே நிற்கிறது. முழுசாக வற்றவில்லை, வற்றாது என்றும் சொல்லிவிட்டார்கள். சிரைகளுக்குள் ரத்தத்தைத் திரும்ப இறங்கவிடாத வால்வுகள் கெட்டுப்போயிருக்கின்றன, அவற்றை ஸ்டென்ட் சரி செய்யாது. சித்திரை வெயிலிலும் அந்த இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள். ஆனால் புண் நான்காம் மாதம் மூடியது, இன்றுவரை திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நிற்காமல் நடக்கிறாள். கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், கூட்டம் இல்லாதபோது உட்காருகிறாள்.

போன் செய்தவர்கள்

முதலில் கூப்பிட்டவருக்கு இரண்டு காலும் வீக்கம். நான் டாக்டர் இல்லை, அதனால் நம்பரை மட்டும் கொடுத்தேன். போய்ப் பார்த்ததில் அவர் சாப்பிட்ட பிபி மாத்திரைதான் காரணமாம், அம்லோடிபின். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், வீக்கம் போய்விட்டது. இரண்டாவது ஆள் என் ஒன்றுவிட்ட தம்பி. வேறு எதற்கோ சிடி எடுத்ததில் இடது சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கால் நன்றாக இருக்கிறது, ஆனால் ராத்திரி தூக்கம் போய்விட்டது. ஒரு இடத்தில் உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. காலில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்த 50 பேரைப் பார்த்து அமெரிக்காவில் 2004-ல் எழுதிய ஆய்வு இருக்கிறது. அதில் 24 சதவீதம் பேருக்கு இந்தச் சிரை பாதிக்கு மேல் நசுங்கித்தான் இருந்தது. நம்மில் எத்தனையோ பேருக்கு அது அப்படித்தான் இருக்கும். கால் கேட்காத ஸ்டென்டை ஸ்கேன் கேட்கிறது என்பதற்காக வைக்கக் கூடாது. வைத்த கம்பி வலையை லேசில் திரும்ப எடுக்க முடியாது, நாற்பது வருடம் அது அவன் இடுப்புக்குள் இருக்கும். எங்கள் டாக்டரும் வேண்டாம் என்றே சொல்லி அனுப்பினார்.

பதினான்கு வருடம் என் அக்காவுக்குத் தேவைப்பட்டது கிடைக்கவில்லை, இவனுக்குத் தேவைப்படாதது ஒரே நாளில் கிடைக்கப் பார்த்தது. இரண்டு இடத்திலும் காலை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது போன் போன வாரம் வந்தது. அக்கா கடையில் கூட வேலை பார்த்த ஒரு அம்மா, இப்போது மாயவரம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். எந்தக் கால் என்றேன். இடது என்றார். எப்போதிலிருந்து என்றேன். கடைசிப் பையன் பிறந்ததிலிருந்து என்றார், பையனுக்கு இப்போது இருபத்திரண்டு.

"யானைக்கால்னுதான் சொன்னாங்க தம்பி. மாத்திரை எல்லாம் சாப்பிட்டாச்சு."

"நான் டாக்டர் இல்லைங்கம்மா. டாக்டர்கிட்ட போகத்தான் போறீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். இடது கால்ல மெட்டி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"சுத்துதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இரு தம்பி, பாக்கறேன்" என்று அவர் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.